அவள் கரையேற்றிய ஆள்

வெல்டருக்கு நீச்சல் தெரியாது. அது அவனுடைய அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் பையன்களோடு வாய்க்காலில் குளித்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைவான். தலையைத் துவட்டிவிடும்போதே அக்கா காதோரம் சொல்லுவாள்: "இது பம்ப்படித் தண்ணிடா. வாய்க்கால் தண்ணின்னா காதுக்குள்ள மண்ணு இருக்கும்." ஆனால் அப்பாவிடம் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

அப்பா மர டிப்போவில் லாரிக்குக் கட்டை ஏற்றுகிறவர். கதவு அகலத்துக்கு மார்பு. வீட்டில் அவர் பேசுவதே குறைவு, பேசினால் அதில் பாதி "ஆம்பளையா நீ?" என்றிருக்கும். வெல்டிங் வேலைக்குப் போன புதிதில், வெளிச்சம் அடித்துக் கண் வீங்கி, ராத்திரி முழுக்கக் கண்ணீர் ஒழுக மகன் படுத்துக் கிடந்தபோதும் அவர் கேட்டது அதைத்தான். அம்மா இல்லாத வீடு. அக்காதான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஈரத்துணியைக் கண்ணில் வைத்தாள்.

இப்போது அவன் மெயின் ரோட்டில் சொந்தப் பட்டறை வைத்திருந்தான். கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர், அறுப்பு மெஷின் பிளேடு என்று எது உடைந்தாலும் அவனிடம்தான் வரும். சாயங்காலம் ஆனால் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். கிரஷர் லாரி ஓட்டுகிறவனுக்குப் பேரே லாரி. இன்னொருத்தன் பயில்வான், பட்டறையில் கிடக்கும் தண்டவாளத் துண்டைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டுத்தான் டீ குடிப்பான். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பெண்களில்தான் வந்து நிற்கும். எவனாவது ஒருத்தியின் பேரை எடுத்துவிட்டால் போதும், "எதுவரைக்கும்டா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னவன் அன்றைக்கு முழுக்கச் செத்தான். அதனால் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். வெல்டர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பான். அந்தச் சிரிப்பிலேயே அவர்கள் என்னவெல்லாமோ கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவனும் மறுக்கவில்லை. வாய்க்காலுக்குக் கூப்பிட்டால், "நெருப்புல நின்ன உடம்பு, உடனே தண்ணியில இறங்கக் கூடாது" என்று கரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காவல் இருப்பான். அதையும் யாரும் சந்தேகப்படவில்லை.

பிறகு ஒருத்தி வந்தாள். அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில். ஒருநாள் முட்டைத் தட்டு ஏற்றும் டிராலியைத் தானே தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தலையில் இன்னும் வேலை செய்யும் இடத்துத் துணித்தொப்பி, தோளில் மஞ்சளாகக் குஞ்சு ரோமம்.

"சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது. நேராப் போற மாதிரி செஞ்சு குடுங்க."

"நாளைக்கு வாங்க."

"முட்டை நாளைக்கு வரைக்கும் காத்திருக்காது. நான் இங்கேயே உட்கார்றேன்."

உட்கார்ந்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளச் சொன்னால், "அந்த முகமூடி இன்னொண்ணு இல்லையா? நானும் பாக்குறேனே" என்றாள். கொடுத்தான். கறுப்புக் கண்ணாடி வழியாக இரும்பு உருகி ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே இது" என்று சொன்னாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த டிராலிக்கு அடிக்கடி ஏதாவது வந்தது. சில நேரம் ஒன்றுமே ஆகாமலும் வந்தது.

அவளுடைய அப்பா எடைமேடையில் ஆபரேட்டர். கல் லாரி, நெல் லாரி எல்லாம் அவர் கேபினுக்கு முன்னால் நின்றுதான் போக வேண்டும். கண்டிப்பான மனிதர். அதனால் இவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளப் போனது பழைய கல்குவாரிக்கு. தோண்டி முடித்துக் கைவிட்ட குழியில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். சுற்றிலும் படி வெட்டின மாதிரி பாறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே யாரும் வர மாட்டார்கள்.

அங்கே அவன் வேறு ஆளாக இருந்தான். அம்மாவின் முகம் மறந்து வருகிறது என்று அவளிடம்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதையெல்லாம் கூட்டாளிகளிடம் எப்படிச் சொல்ல முடியும்? "எதுவரைக்கும்" என்ற கேள்விக்கு அது பதிலே இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு நீச்சல் பக்கம் போனது.

"எங்க அம்மா ஊரு ஆத்தங்கரை. நான் நடக்குறதுக்கு முன்னாடியே நீந்தினேனாம்" என்றாள் அவள். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? இந்தக் குட்டையைச் சும்மா ஒரு சுத்து சுத்தி வருவேன்."

"எங்க, சுத்து பாப்போம்."

"இப்பவா? சட்டை நனையுமே."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சும்மா ஒரு சிரிப்புதான். ஆனால் அவனுக்கு எங்கேயோ குத்தியது. எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரை ஒட்டியிருந்த கீழ்ப்படிப் பாறையில் கெத்தாகப் போய் நின்றான். பாறை பாசி பிடித்திருந்தது. திரும்பி அவளைப் பார்க்கக் காலை நகர்த்தினான். அடுத்த நொடி தலைக்கு மேலே தண்ணீர்.

அவள் யோசிக்கவே இல்லை. அப்படியே குதித்துவிட்டாள். பின்னால் வந்து முடியைப் பிடித்தாள். அவனுக்கோ பிடித்தது கையா, கட்டையா என்று தெரியவில்லை. திரும்பிக் கட்டிக்கொண்டு அவள் மேலேயே ஏறப் பார்த்தான். அவள் முங்கினாள். அவன் முழங்கை அவள் முகத்தில் இடித்தது, அவள் நெற்றி பாறை விளிம்பில் போய் மோதியது. அப்படியும் அவன் முடியை அவள் விடவில்லை. எப்படியோ இழுத்துப் பாறைமேல் போட்டுவிட்டு, தானும் ஏறி, ரத்தம் வழியும் நெற்றியோடு அவன் பக்கத்திலேயே விழுந்தாள். கண் மூடிக்கொண்டது.

அவன் தண்ணீரைக் கக்கி முடித்து, அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மேலே வண்டிச் சத்தம். வண்டி கழுவத் தண்ணீர் எடுக்க வந்த லாரியும் பயில்வானும் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"டேய்! என்னடா ஆச்சு? யார்ரா இது? எடைமேடைக்காரர் பொண்ணா?" லாரி பாறைகளில் தாவி இறங்கி வந்தான். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைப் பார்த்தான். "முங்கிடுச்சா? நீதான் குதிச்சுத் தூக்குனியா மாப்ள?"

வெல்டரின் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

"சிங்கம்டா நீ" என்றான் லாரி.

*

சின்ன ஆஸ்பத்திரி. வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே திரை போட்ட நாலு கட்டில். அவள் அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள். அதற்குள் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தையல் போட்டு முடிந்தபோது அவளுக்கு நன்றாகவே நினைவு திரும்பியிருந்தது. திரைக்குள்ளிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, நான் முங்கல. நாங்க ரெண்டு பேரும் அங்க பேசிக்கிட்டிருந்தோம். அவர்தான் வழுக்கி விழுந்தார். நான்தான் இழுத்துப் போட்டேன்."

எடைமேடைக்காரர் வெளியே வந்தார். அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. பின்னாலேயே அவள் அம்மாவும் வந்து வெல்டரைக் கேட்டாள்.

"தம்பி, எம் பொண்ணுக்கு நல்லா நீச்சல் தெரியும். நான் கத்துக்குடுத்தது. அவ எப்படித் தம்பி முங்குவா?"

வெல்டரைச் சுற்றி லாரி, பயில்வான், டீக்கடைக்காரர், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும். எல்லோருக்கும் பின்னால், டிப்போவிலிருந்து அப்படியே மரத்தூளோடு வந்து நின்ற அவனுடைய அப்பா. அவர் மகனைப் பார்த்த பார்வையை அவன் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த முகத்தில் பெருமை இருந்தது.

உண்மையைச் சொல்ல அவனுக்கு அது இன்னொரு வாய்ப்பு. பாறையில் தலையாட்டியதையாவது பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அவனுக்குப் பயம்கூட இல்லை. தன் குரல் நிதானமாக வந்ததை அவனே கேட்டான்.

"கால் இழுத்துக்கிச்சு போலம்மா. நான் ரோட்டுல போயிட்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். தலையில அடிபட்டதுல அவங்களுக்கு ஒண்ணும் நினைவில்ல. ஏதோ மாத்திச் சொல்றாங்க."

அவள் பேரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு பேரும் தனியாக இருந்தது தெரிந்தால் அவளுக்குத்தானே கெட்ட பேர்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பேசி முடித்தபோது திரை கொஞ்சம் விலகியிருந்தது. கட்டுப் போட்ட தலையோடு அவள் கட்டிலில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. முன்பின் தெரியாத ஆளை யார் என்று அடையாளம் கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

*

ஊர் அவனைத் தலைமேல் தூக்கி வைத்தது. பஸ் ஸ்டாப்பில் விளையாட்டுக் கழகத்துக்காரர்கள் அவன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். டீக்கடையில் அப்பா கதை சொன்னார். வீட்டில் வாயே திறக்காத மனிதர், அங்கே கை கால் ஆட்டிச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் குட்டை இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது. ஒருநாள் நடந்து வரும்போது மகன் தோளில் கை போட்டார். அந்தக் கை பலகை மாதிரி கனத்தது. சின்ன வயதிலிருந்து அதற்காக ஏங்கியவன், எப்போது எடுப்பார் என்று காத்துக்கொண்டு நடந்தான்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை பட்டறைக்கே வந்துவிட்டார்.

"லீவுல நம்ம பிள்ளைங்களுக்கு நீங்க நீச்சல் கத்துக்குடுக்கணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"கை மணிக்கட்டு சரியில்ல டீச்சர். இழுத்ததுல பிசகிருச்சு."

"அடடா. சரியானதும் சொல்லுங்க" என்று அந்த அம்மா பரிதாபப்பட்டுப் போனார். அதற்கப்புறம் ஊருக்காக அவன் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. அக்கா அந்தக் கட்டைப் பார்த்தாள். சோறு போடும்போது, "எந்தக் கை பிசகிச்சு? காலையில வேற கையில கட்டிருந்துச்சு" என்றாள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு நடந்தது வேறு. நீச்சல் தெரிந்த பெண் தனியாகக் குவாரிக்கு ஏன் போனாள் என்று ஊர் கேட்டது. ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. எவனோ ஏமாற்றிவிட்டான், சாகப் போயிருக்கிறாள். காப்பாற்றியவனைப் பார்த்து மயக்கத்தில் கதை கட்டுகிறாள், பாவம். பொரிப்பகத்து மேனேஜர் "உடம்பைப் பாத்துக்கிட்டு அப்புறமா வரட்டும்" என்று சொல்லி அனுப்பினார். பெரிய பொரிப்பகம் ஒன்றில் மெஷின் பயிற்சிக்கு அவளை அனுப்புவதாக இருந்தார்கள், வேறொருத்தி போனாள். எடைமேடைக்காரர் மகளை வீட்டில் தனியாக விடப் பயந்து, தினமும் தன்னோடு கேபினுக்குக் கூட்டிப்போய் எதிரிலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் பட்டறைப் பேச்சிலேயே அவன் காதுக்கு வந்தது. லாரி சொல்லுவான், பயில்வான் சிரிப்பான். "உன்னைத்தான் மாப்ள சொல்லுதாம், நீதான் முங்கினேன்னு! தண்ணி மூளைக்கு ஏறிடுச்சுபோல." வெல்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு, ஒட்ட வேண்டியது ஒன்றும் இல்லாத இரும்பில் நெருப்பை வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு எடைமேடைக்காரர் அவன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பாவிடம் பேசினார்.

"ஊர் வாயை என்னால மூட முடியல. உங்க பையன் அவ உயிரைக் காப்பாத்தினவன். நான் கேக்கிறது தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. அவனே அவளைக் கட்டிக்கிட்டா நான் நிம்மதியா இருப்பேன்."

"எம் பையன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்" என்றார் அப்பா. மகனைக் கேட்கக்கூட இல்லை. "பாதியில விட்டுட்டுப் போற ஆளில்ல அவன். ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்."

வெல்டர் சுவரில் சாய்ந்து நின்றான். ராத்திரி பகலாக அவன் ஆசைப்பட்டது இதுதான். அது தானாக வந்து வாசலில் நின்றபோது, பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

*

மறுநாள் எடைமேடைக்குப் போனான். அவள் அப்பா வெளியே ஒரு லாரிக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும், பெண்ணோடு பேசத்தான் வந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு, போ என்று கையைக் காட்டினார். கேபினில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி. அவள் நெற்றியில் தழும்பு இன்னும் பச்சையாக இருந்தது.

"மன்னிச்சிரு" என்றான்.

"எதுக்கு?"

"சொன்னதுக்கு."

"எதைச் சொன்னதுக்கு?"

அவளே சொன்னாள்.

"நீ முங்கினது ஒண்ணுமில்ல. யாரும் வழுக்கி விழலாம். என் மேல ஏறி மிதிச்சியே, அதுகூட ஒண்ணுமில்ல. முங்கிறவங்க அப்படித்தான் செய்வாங்கன்னு அம்மா சொல்லிக்குடுத்திருக்கா. பாறையில அவனுங்க கேட்டப்ப தலையாட்டினியாமே, லாரிக்காரன் சொல்லித் தெரிஞ்சுது. அதையும் விட்டுடலாம். ஆனா எங்க அம்மா நேருக்கு நேர் நின்னு கேட்டா. எனக்கு நினைவில்லன்னு சொன்ன. என்னைப் பைத்தியம் ஆக்கிட்டே."

"உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு..."

"வேண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை. "அதை மட்டும் சொல்லாத."

வெளியே ஒரு கல் லாரி எடைமேடையில் ஏறியது. எண்கள் தாறுமாறாக ஓடி நின்றன. அவள் அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்களாம். கட்டிக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? சாகுற வரைக்கும் நீ என்னைக் காப்பாத்தினவன். நான் உனக்கு நன்றியோட இருக்கணும். ஒரு சண்டைன்னாகூட, உயிரைக் குடுத்தவன்கிட்டயே வாயாடுறாளேன்னு சொல்லுவாங்க. உங்க அப்பா சொல்லுவாரு. எங்க அப்பாவும் சொல்லுவாரு. கொஞ்ச நாள் போனா நீயே நம்பிடுவே."

"நான் என்ன செய்யட்டும்?"

"நான் ஒரு தடவை சொல்லியாச்சு. யாரும் நம்பல. இனிமே சொல்றது உன் வேலை."

*

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அப்பாக்கள், அவள் அம்மா, அக்கா, துணைக்கு வந்த லாரி. அவள் உள்ளறைக் கதவோரம் நின்றாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் வெல்டர் எழுந்துவிட்டான்.

"அவங்க ஆஸ்பத்திரியில சொன்னதுதான் நிஜம். நான்தான் முங்கினேன். அவங்கதான் என்னை இழுத்துப் போட்டாங்க. எனக்கு நீச்சலே தெரியாது."

லாரி சிரித்தான். "பாத்தீங்களா அண்ணே? எவ்வளவு பெரிய மனசு! பொண்ணு மேல சொல்லு வரக்கூடாதுன்னு தன் மேல போட்டுக்கிறான்."

"உளறாம உட்காருடா" என்றார் அப்பா. எடைமேடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

பொய்யைச் சொன்னபோது ஒரு நொடியில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். வெல்டர் கதவோரம் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபோது மயக்கம், இவன் சொன்னால் பெருந்தன்மை.

"அப்ப எல்லாரும் குவாரிக்கு வாங்க" என்றான். "கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்குறேன். நீங்களே பாத்துக்குங்க."

அப்பா எழுந்து நின்றார். "வாடா. நீந்திக் காட்டிட்டு வந்து பேச்சை முடி."

அவள் அம்மா மகளைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்றாள்.

"நான்தான் ஏற்கெனவே பாத்துட்டேனே" என்றாள் அவள்.

வழியில் டீக்கடையிலிருந்தும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பயில்வான் பட்டறையிலிருந்து கயிறு கொண்டுவந்தான். வெல்டர் அதை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அக்கா வந்து போட்டுவிட்டாள். இன்னொரு முனையை லாரி பிடித்துக்கொண்டான், இன்னும் சிரித்தபடி.

கீழ்ப்படிக்குப் போனான். நல்ல வெயில். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குதிக்க முடியவில்லை. பாறையில் குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி பின்பக்கமாகத் திரும்பி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கினான். பின்னால் யாரோ "கலக்குடா!" என்று கத்தினார்கள். கையை விட்டான்.

தண்ணீரில் போட்ட இரும்பு மாதிரி உள்ளே போனான். மூக்கில், வாயில், காதில் தண்ணீர். கையை அடித்தான், காலை உதைத்தான், எதுவும் பிடிபடவில்லை. ஒரு தடவை தலை மேலே வந்தபோது "அக்கா!" என்று அலறினான். மறுபடி உள்ளே போனான். பிறகு இடுப்பை அறுக்கிற மாதிரி கயிறு இழுத்தது. பாறையில் தேய்த்துக்கொண்டே அவனை மேலே ஏற்றினார்கள். சட்டை தலைவரைக்கும் சுருண்டு, கால்சட்டை தொடைக்கு இறங்கி, எல்லோர் முன்னாலும் அவன் மண்டியிட்டுத் தண்ணீராகக் கக்கினான். கக்கி முடித்ததும் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதான்.

பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பரவியது. அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்பினார், பாறை ஏறிப் போய்விட்டார். அக்கா தன் துப்பட்டாவை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினாள்.

எடைமேடைக்காரர் மட்டும் அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்றுதான் வெல்டர் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெத்த பொண்ணு சொன்னா. நான் நம்பல. யாரோ ஒருத்தன் நீ சொன்னே, நம்பினேன். அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

*

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. பஸ் ஸ்டாப் ஃப்ளெக்ஸை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துவிட்டார்கள். வெல்டருக்கு "கல்லு" என்று பேர் விழுந்தது. பட்டறைக்கு வருகிறவர்கள், "கல்லு, கேட் ரெடியா?" என்று கேட்டார்கள். அவன் "நாளைக்கு வாங்க" என்றான்.

பயில்வான் வருவதை நிறுத்திக்கொண்டான். லாரி கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் தனியாக வந்தான். ரொம்ப நேரம் தண்டவாளத் துண்டின் மேல் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"உன்னை இழுக்கும்போது எனக்கு உசிரே இல்லடா" என்றான் கடைசியில். "கயிறு விட்டுடுச்சுன்னா நான்தான் குதிக்கணும்னு எல்லாரும் என்னையே பாக்குறானுங்க. எனக்கும் இடுப்பளவு தண்ணிக்கு மேல தெரியாது." பிறகு எழுந்து, "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் அப்பா மகனோடு பேசுவதில்லை. ஒரே அறையில் சாப்பிட்டு, ஒரே அறையில் படுத்தார்கள். டீக்கடைக்கும் அவர் போவதை விட்டுவிட்டார். இப்படியே நாள் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பினவர் வாசலில் நின்றார்.

"அந்தப் பொண்ணு அங்க இல்லேன்னா நீ செத்திருப்பேல்ல?"

"ஆமாப்பா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். டிப்போ பக்கம் போகாமல் எடைமேடைப் பக்கம் நடந்தார். அங்கே என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணின் அம்மாதான் அக்காவிடம் சொன்னாள். கேபின் வாசலில் போய் நின்றாராம். மகளும் அப்பாவும் உள்ளே இருந்தார்களாம். என்ன சொல்வதென்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "எம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தவ நீம்மா. உனக்கு யாருமே நன்றி சொல்லல. நான் சொல்ல வந்தேன்" என்றாராம். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய்விட்டாராம்.

அக்கா இதைச் சொன்னபோது வெல்டர் கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருந்தான். நேரில், ஃபோனில், மனசுக்குள். உண்மையை ஊருக்கு முன்னால் சொன்னதில் எல்லாம் தீர்ந்துவிட்டதாகக்கூட நினைத்திருந்தான். ஆனால் தண்ணீருக்குள் வந்து முடியைப் பிடித்தவளுக்கு, இன்று வரைக்கும், நன்றி என்று ஒரு சொல் அவன் சொல்லவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. குவாரியில் ஊர் முன்னால் அரை நிர்வாணமாகக் கிடந்தபோதுகூட அவனுக்கு இப்படிக் கூசவில்லை.

பொரிப்பகம் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. வேறு ஊரில் பெரிய பொரிப்பகம் ஒன்றில் தானே கேட்டு வேலை வாங்கியிருந்தாள். கிளம்புகிற அன்று வெல்டர் பஸ் ஸ்டாப்புக்குப் போனான். அவள் அப்பா பெட்டியோடு நின்றிருந்தார். இவனைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"என்னைக் காப்பாத்தினதுக்கு நன்றி" என்றான். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது இன்னும் நிறைய இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டாள். "உங்க அப்பா சொன்னப்ப அழுதுட்டேன்" என்றாள். "நீ இதை அன்னிக்குப் பாறை மேலயே சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

"கோவம் இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல. ஆனா உன்னைப் பாத்தா அந்த ஆஸ்பத்திரித் திரைதான் ஞாபகம் வருது. அது போகுமான்னு தெரியல. காத்திருக்காத."

அவள் அப்பா பெட்டியை ஏற்றினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்டருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிக்கொள்ளவோ துடைக்கவோ இல்லை. எல்லோரும் பார்க்க, பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அழுதுகொண்டே நின்றான்.